கழுத்துச் சங்கிலியும் கடைச் சாவியும்



இன்று மாலை நான் பேச வந்திருப்பது ஹிப் ஹாப் இசையில் பணமும் பண்பும் எப்படி நடந்துவந்தன என்பது பற்றி. தாத்தா தலைமுறை பணத்தைப் பற்றி என்ன பாடியது? அப்பா தலைமுறை என்ன பாடியது? இன்றைய பிள்ளைகள் என்ன பாடுகிறார்கள்? இதைத்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்கப் போகிறேன்.

இந்த இசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வருத்தம் காதில் விழுகிறது. "முன்னெல்லாம் ராப் பாட்டில் நியாயம் இருந்தது, ஏழையின் கோபம் இருந்தது. இப்போது என்ன இருக்கிறது? வைரம், கார், கட்டுக்கட்டாய்ப் பணம்!" இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இசையை நேசித்து வளர்ந்தவர்கள்தாம். அவர்களுடைய வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வருத்தம் வேறு, வரலாறு வேறு. பொற்காலம் என்று ஒன்று இருந்ததா? அது பிறகு கெட்டுப்போனதா? ஆண்டுகளையும் ஊர்களையும் ஆட்களையும் சாட்சிக்கு அழைத்துப் பார்ப்போம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹிப் ஹாப்பில் பொருளாசை பிறந்த நாளிலிருந்தே உண்டு. ஆசை இருந்ததா இல்லையா என்று கேட்டால் எல்லாத் தலைமுறைக்கும் ஒரே விடைதான் வரும். ஆகவே வேறு இரண்டு கேள்விகளைக் கையில் எடுத்துக்கொள்வோம். பாட்டால் வந்த செல்வம் யாருக்குச் சொந்தம்? யாருக்குப் பயன்? இந்த இரண்டும்தான் நம் அளவுகோல்.

வாருங்கள், பிறந்த வீட்டுக்கே போவோம்.

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி. செட்ஜ்விக் அவென்யூ, கதவு எண் 1520. 1973-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பம் ஒன்று, தான் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பொழுதுபோக்குக் கூடத்தில் ஒரு விருந்து நடத்துகிறது. இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அண்ணன் கிளைவ் கேம்பெல். உலகம் அறிந்த பெயர் டிஜே கூல் ஹெர்க். விருந்தை ஏற்பாடு செய்தவர் தங்கை சிண்டி கேம்பெல். பெண்களுக்கு நுழைவுக் கட்டணம் 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட்.

அந்தப் பெண் ஏன் விருந்து வைத்தாள்? பள்ளி திறக்கப் போகிறது. புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும்! நண்பர்களே, இதைக் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உலகத்தையே ஆட்டிப்படைத்த ஓர் இசை, பள்ளிக்குப் புத்தாடை உடுத்திப் போக வேண்டும் என்ற ஒரு பெண்ணின் ஆசையிலிருந்து தொடங்கியது. அந்த ஆசையில் என்ன தவறு? நாலு பேர் முன்னால் நன்றாக உடுத்தி நிற்க வேண்டும் என்று எண்ணாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது?

அந்தப் பிள்ளைகளைச் சுற்றி அன்று என்ன நடந்துகொண்டிருந்தது? ராபர்ட் மோசஸ் என்ற நகர நிர்வாகியின் திட்டத்தில் பிராங்க்ஸின் குறுக்கே ஒரு விரைவுச்சாலை வெட்டப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள், தொழிற்சாலைகள் மூடின. 1970-களில் தெற்கு பிராங்க்ஸ் எரிந்தது. காப்பீட்டுப் பணத்துக்காகச் சொந்தக் கட்டடத்துக்கே ஆள் வைத்துத் தீ மூட்டிய உரிமையாளர்கள் இருந்தார்கள். தீயணைப்பு நிலையங்களையும் நகராட்சி மூடிக்கொண்டிருந்தது. சொத்து உள்ளவன் சொத்தைக் கொளுத்திக் காசு பார்த்தான். சொத்து இல்லாதவன் சாம்பலில் நின்றான்.

அந்தச் சாம்பலில் நின்றவர்கள் என்ன செய்தார்கள்? 1971 டிசம்பரில், சமாதானம் பேசப் போன தன் உறுப்பினன் ஒருவன் கொல்லப்பட்ட பிறகும், கெட்டோ பிரதர்ஸ் என்ற தெருக்குழு பழிவாங்கவில்லை. எல்லாக் கும்பல்களையும் ஹோ அவென்யூவில் ஓரிடத்தில் கூட்டி உடன்படிக்கை பேசியது. அதற்குப் பிறகுதான் ஒரு தெருப் பையன் இன்னொரு தெருவுக்கு ஆடப் போக முடிந்தது. தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்து, பூங்காவில் ஸ்பீக்கரை வைத்து, ஊரையே கூட்டினார்கள். முதல் தலைமுறையின் பண்பு இதுதான்: போட்டி உண்டு, பெருமையடிப்பு உண்டு, ஆனால் கொண்டாட்டம் பொதுவில் இருந்தது.

நம் அளவுகோலை வைத்துப் பார்ப்போம். யாருக்குப் பயன்? தெருவுக்கே பயன். யாருக்குச் சொந்தம்? அங்கேதான் முதல் அடி விழுந்தது.

1979-இல் "ராப்பர்ஸ் டிலைட்" வெளியானது. ஷுகர்ஹில் கேங் பாடியது. ராப் இசையை வானொலிக்கும் வணிகத்துக்கும் கொண்டுபோன பெரிய வெற்றி அது. காரும் பணமும் வண்ணத் தொலைக்காட்சியும் அந்தப் பாட்டிலேயே இருக்கின்றன. ஆகவே "பணத்தைப் பாடுவது இப்போது வந்த நோய்" என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாட்டுக்குள் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. அதைப் பாடிய மூவரில் ஒருவர், கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற பிராங்க்ஸ் கலைஞரின் வரிகளை வாங்கி அப்படியே பாடினார். காஸ் தன் பெயரை அந்த வரிகளுக்குள் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருந்தார். அதுகூட மாறாமல் இசைத்தட்டில் ஏறிவிட்டது. பாட்டுக்குள் பெயர் இருந்தது, ஒப்பந்தத்தில் பெயர் இல்லை. பணம் அவரைத் தேடி வரவில்லை. ஹிப் ஹாப்பின் பொருளாசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து பேசத் தொடங்க வேண்டும். பாட்டு ஒருவருடையது, காசு வேறொருவருடையது!

1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷும் ஃப்யூரியஸ் ஃபைவும் "தி மெசேஜ்" பாட்டைத் தந்தார்கள். உடைந்த கண்ணாடியும் நெருக்கடியும் கடனும் நிறைந்த தெரு முதல்முறையாக அத்தனை தெளிவாக இசைத்தட்டில் ஏறியது. கொண்டாட்டமாக இருந்த இசை சாட்சி சொல்லக் கற்றது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாட்சிப் பாட்டு வந்ததும் கொண்டாட்டப் பாட்டு நின்றுவிடவில்லை. இரண்டும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில், சில சமயம் ஒரே ஆல்பத்தில் சேர்ந்தே இருந்தன.

அடுத்தது 1986. குயின்ஸ் பகுதியின் ரன் டிஎம்சி குழு அடிடாஸ் ஷூவைப் பற்றி ஒரு பாட்டுப் பாடியது. விளம்பரப் பாட்டு என்று நினைக்கிறீர்களா? எழுதியபோது அந்த நிறுவனத்திடமிருந்து அவர்கள் ஒரு காசும் வாங்கவில்லை. லேஸ் கட்டாத ஷூ போடும் இளைஞர்களைச் சிறைக் குற்றவாளிகளோடு சேர்த்துப் பேசிய ஒரு பாட்டு முன்பே அதே குயின்ஸில் வந்திருந்தது. அதற்கு மறுமொழியாக வந்தது இந்தப் பாட்டு. "என் காலில் இருக்கும் ஷூவைப் பார்த்து என்னைத் திருடன் என்று முடிவு கட்டாதே, இந்த ஷூவோடு நான் போன நல்ல இடங்களையும் கேள்" என்பதே அதன் கருத்து. அந்த ஆண்டு மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஷூவைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான ஷூக்கள் மேலே எழுந்தன. அரங்கில் இருந்த நிறுவன அதிகாரி அதைக் கண்ணால் பார்த்தார். பிறகுதான் ஒப்பந்தம் வந்தது. மானத்துக்காகப் பாடிய பாட்டு, வணிகத்துக்கு வழி காட்டிவிட்டது. அன்றிலிருந்து ஹிப் ஹாப்புக்கும் பெருநிறுவனங்களுக்கும் நடுவே ஒரு கதவு திறந்தே இருக்கிறது.

இப்போது தங்கத்துக்கு வருவோம். அந்தத் தடித்த தங்கச் சங்கிலி! எத்தனை பேர் அதைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார்கள்! ஆனால் நாம் சுளிக்கலாமா? பேங்கில் கணக்கில்லாத காலத்திலும் நம் பாட்டிமார் காதிலும் கழுத்திலும் சேமித்தார்கள். மருத்துவச் செலவென்றால் அடகுக் கடைக்குப் போகும், கல்யாணம் என்றால் மீண்டு வரும். வீடு வாங்கக் கடன் கிடைக்காதவனுக்கு உடம்பில் கிடக்கும் தங்கமே சொத்து. அமெரிக்காவில் 1930-களில் அரசு நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பின மக்களின் பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்தது. அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது அரிதாயிற்று. ஒரு தலைமுறை வீடு வாங்க முடியாமல் போனால், அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்ல எதுவும் இருக்காது. மண்ணில் முதலீடு செய்ய விடாத நாட்டில் ஒருவன் தன் கழுத்தில் முதலீடு செய்தான்.

அந்தக் காலத்தில் நியூயார்க்கின் ஹார்லெமில் டாப்பர் டான் என்ற தையல் கலைஞர் இருந்தார். 1982-இல் 125-ஆம் தெருவில் கடை திறந்தார். இரவும் பகலும் மூடாத கடை. கூச்சி, ஃபெண்டி, லூயி விட்டான் போன்ற பெரிய கடைகளின் சின்னங்களைத் தோலில் தானே அச்சிட்டு, அந்தக் கடைகள் கனவிலும் தைக்காத சட்டைகளைத் தைத்தார். 1987-இல் வெளியான எரிக் பி, ராக்கிம் இரட்டையரின் "பெய்ட் இன் ஃபுல்" ஆல்பத்தின் உறையைப் பாருங்கள். சங்கிலிகள், பின்னால் பணத்தாள்கள், உடம்பில் டாப்பர் டான் தைத்த சட்டைகள். அந்தப் பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்குமா? வழக்கு, சோதனை, பறிமுதல். 1992-இல் கடை மூடப்பட்டது.

கதை அங்கே முடியவில்லை. 2017-இல் கூச்சி நிறுவனம் ஒரு மேலாடையை வெளியிட்டது. 1980-களில் ஓட்டப்பந்தய வீராங்கனை டயான் டிக்சனுக்கு டாப்பர் டான் தைத்துக் கொடுத்த மேலாடையின் சாயல் அதில் அப்படியே இருந்தது! மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் பிறகு நிறுவனம் அவரைத் தேடி வந்து கூட்டுச் சேர்ந்தது. 2018-இல் ஹார்லெமில் அவருடைய தையற்கூடம் மீண்டும் திறந்தது. அவர் அவர்கள் சின்னத்தை எடுத்தபோது அது குற்றம். அவர்கள் அவர் கலையை எடுத்தபோது அது மரியாதை. யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைச் சட்டப் புத்தகத்தில் படிப்பதைவிட இந்தக் கதையில் தெளிவாகப் படிக்கலாம்.

1980-களின் கடைசியில் காற்று திசை மாறியது. பப்ளிக் எனிமி என்ற ராப் குழு எழுந்தது. தங்கச் சங்கிலி கிடந்த கழுத்துகளில் ஆப்பிரிக்க வரைபடம் பொறித்த தோல் பதக்கங்கள் ஏறின. சிவப்பு, கறுப்பு, பச்சை. தங்கத்தை ஏன் கழற்றினார்கள்? அன்று உலகிலேயே மிக அதிகமாகத் தங்கம் எடுத்த நாடு, நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா. அந்தச் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் என்ன கூலிக்கு உழைத்தார்கள் என்பதை இளைஞர்கள் அறிந்தார்கள். இந்தச் சங்கிலி எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று கேட்டார்கள். கேட்டதும் கழற்றினார்கள்.

1989-இல் கே.ஆர்.எஸ்.-ஒன் என்ற ராப்பர் முன்னின்று பல கலைஞர்களைச் சேர்த்து வன்முறைக்கு எதிராகப் பாடினார். அந்தப் பாட்டின் வருமானம் நேஷனல் அர்பன் லீக் என்ற சமூக அமைப்புக்குப் போனது. அதே ஆண்டில் குவீன் லத்தீஃபா என்ற ராப் பாடகி பெண்களின் மதிப்பைப் பாடினார். அதே ஆண்டில் டி லா சோல் என்ற மூவர் குழு, சங்கிலி போட்டால்தான் ராப்பரா என்று கேட்டுப் பூக்களோடும் வண்ணங்களோடும் வந்தது. "பொற்காலம்" என்று பலர் சொல்வது இந்த ஆண்டுகளைத்தான். சொல்லட்டும், தகும். ஆனால் அந்தப் பொற்காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

டி லா சோலின் கதையைக் கேளுங்கள். பழைய இசைத்தட்டுகளிலிருந்து துணுக்குகளை எடுத்துக் கோத்த இசை அவர்களுடையது. அந்தத் துணுக்குகளுக்கான உரிமைச் சிக்கலும் நிறுவனத்தோடு ஒப்பந்தச் சிக்கலும் பல்லாண்டுகள் நீண்டன. உலகமே போனில் பாட்டுக் கேட்கத் தொடங்கிய காலத்தில் அவர்களுடைய புகழ்பெற்ற ஆல்பங்கள் அங்கே இல்லை. 2023 மார்ச்சில்தான் அவை இணையத்தில் ஏறின. மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகூர், அதற்குச் சில வாரங்கள் முன்பு பிப்ரவரியில் காலமாகிவிட்டார். பணத்தின் மேல் ஆசை வேண்டாம் என்று பாடியவர்கள் தங்கள் பாட்டின் மீதே உரிமையில்லாமல் காத்திருந்தார்கள். ஆசையைத் துறந்தால் மட்டும் போதாது, நண்பர்களே. நாம் துறந்ததை எடுத்துக்கொள்ள வேறொருவர் காத்திருக்கிறார்.

அடுத்த தலைமுறை இதைப் பார்த்தே வளர்ந்தது. இன்னொன்றையும் பார்த்தது. 1980-களில் கிராக் என்ற போதைப்பொருள் தெருக்களைத் தின்றது. சட்டம் கடுமையாயிற்று, சிறைகள் நிரம்பின. 1988-இல் காம்ப்டனிலிருந்து என்.டபிள்யூ.ஏ. குழு அந்தத் தெருவின் கோபத்தையும் கொடூரத்தையும் அப்படியே பாடியது. பெண்களை இழிவுபடுத்தும் சொற்களும் அதில் வந்தன. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன், இன்றும் அது ஆறாத புண். 1991-இல் இசைத்தட்டு விற்பனையைக் கடையின் கணினியிலிருந்தே கணக்கெடுக்கும் முறை வந்தது. வந்த சில வாரங்களில் என்.டபிள்யூ.ஏ.வின் புதிய ஆல்பம் முதலிடத்தைப் பிடித்தது. புறநகர் வெள்ளை இளைஞர்கள் எத்தனை பேர் இந்த இசையை வாங்குகிறார்கள் என்பது நிறுவனங்களுக்குப் புரிந்தது. எது விற்கிறதோ அதுவே இன்னும் வேண்டும் என்றார்கள்.

1996-இல் அமெரிக்காவில் ஒரு தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஒரு நிறுவனம் நாடெங்கும் இத்தனை வானொலி நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பு அதோடு போயிற்று. சில ஆண்டுகளில் ஒரே நிறுவனத்தின் கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. ஊருக்கொரு டிஜே தன் ஊர்ப் பையனின் பாட்டைப் போட்ட காலம் மங்கி, எங்கோ ஓர் அலுவலகம் தயாரித்த பட்டியல் எல்லா ஊரிலும் ஒலித்தது. நம் காதில் விழுந்த ராப் ஏன் மாறியது என்று கேட்கிறோம். காதுக்கு வரும் வழியே மாறியதை எத்தனை பேர் கவனித்தோம்? சிந்திக்கும் ராப் செத்துப்போகவில்லை. அது ஒலிக்கும் கதவு குறுகியது.

அந்தக் கதவு வழியே மின்னிக்கொண்டு வந்தது 1990-களின் பிற்பகுதி. பளபளக்கும் உடை, ஹெலிகாப்டர், படகு, ஷாம்பெய்ன். 1999-இல் நியூ ஆர்லியன்ஸின் பி.ஜி. பாடிய "பிளிங் பிளிங்" அந்தக் காலத்துக்கே பெயராகிவிட்டது. பலர் இந்தத் தலைமுறையைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். ஆனால் பளபளப்புக்குக் கீழே பாருங்கள். அதே நியூ ஆர்லியன்ஸின் மாஸ்டர் பி, 1996-இல் விநியோக நிறுவனத்தோடு பேசியபோது வருமானத்தில் 85 விழுக்காடு தனக்கு, மூலப் பதிவுகள் தனக்கே சொந்தம் என்று பேசி வாங்கினார். கிராண்ட்மாஸ்டர் காஸுக்குக் கிடைக்காதது, டி லா சோலுக்குக் கிடைக்காதது, அவருக்குக் கிடைத்தது! வெளியே சங்கிலி மின்னியது, உள்ளே சாவி கைமாறியது.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. பி.ஜி. பாடிய கேஷ் மணி நிறுவனமும் கறுப்பினச் சகோதரர்கள் இருவருக்குச் சொந்தமானதுதான். அவர்களும் பெரிய ஒப்பந்தம் போட்டுப் பதிவுரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே வளர்ந்த கலைஞர்களே பங்கு சரியாக வரவில்லை என்று ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவர்களில் ஒருவரான லில் வெயின் 2015-இல் வழக்கே தொடுத்தார். 2018-இல் அது சமரசத்தில் முடிந்தது. சாவி நம்மவர் கைக்கு வந்தால் மட்டும் போதுமா? கதவு யாருக்காகத் திறக்கிறது என்றும் பார்க்க வேண்டாமா? முதல் கேள்வி யாருக்குச் சொந்தம். அதைவிடக் கடினமான இரண்டாம் கேள்வி, யாருக்குப் பயன்.

இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்கலாம். புரூக்ளினின் மார்சி குடியிருப்பில் வளர்ந்தவர் ஜே-ஸீ. போதைப்பொருள் விற்ற இளமையை அவரே மறைக்காமல் பாடினார். கிறிஸ்டல் என்ற ஷாம்பெய்னை அவரும் அவர் தலைமுறையும் பாட்டுக்குப் பாட்டு புகழ்ந்தார்கள். 2006-இல் அந்த ஷாம்பெய்ன் நிறுவனத் தலைவரிடம், ராப் உலகம் உங்கள் மதுவைக் கொண்டாடுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு பத்திரிகை கேட்டது. வாங்குகிறவர்களைத் தடுக்க முடியாதே என்ற தொனியில் பதில் வந்தது. ஜே-ஸீ அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். தன் விடுதிகளிலிருந்து அந்த மதுவை நீக்கினார். பிறகு 2014-இல் வேறொரு ஷாம்பெய்ன் நிறுவனத்தையே வாங்கினார். 2021-இல் அதில் பாதியைப் பெருநிறுவனம் ஒன்றுக்கு விற்றார். புகழ்ந்து பாடியவர் வாங்கினார், வாங்கியவர் விற்றார். 2019-இல் அவரை ஹிப் ஹாப்பின் முதல் பில்லியனர் என்று ஃபோர்ப்ஸ் இதழ் அறிவித்தது.

2017-இல் வந்த அவருடைய "4:44" ஆல்பத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பணத்தை வீசிக் காட்டும் பிள்ளைகளிடம் ஒரு மூத்தவர் பேசுகிறார். நிலம் வாங்கு, ஓவியம் வாங்கு, அடுத்த தலைமுறைக்கு எதையாவது விட்டுப் போ என்கிறார். ஐம்பதை நெருங்கும் ராப்பர் இப்படிப் பேசுவது இந்த இசைக்குப் புதிது. ஹிப் ஹாப் மூப்படைந்ததற்கு இது அடையாளம். ஆனால் அவருடைய பில்லியனில் பிராங்க்ஸ் தெருவுக்கு என்ன பங்கு?

இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. 2011-இல் கூல் ஹெர்க் நோயுற்றார். சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை வேண்டும். இந்த இசையைத் தொடங்கிவைத்தவரிடம் மருத்துவக் காப்பீடு இல்லை! அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அவர் முதன்முதலாக இசைத்தட்டு சுழற்றிய அதே 1520 கட்டடத்துக்கும் ஆபத்து வந்தது. எளியவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு தரும் திட்டத்திலிருந்து அதை வெளியே எடுக்க உரிமையாளர் முயன்றார். குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். கூல் ஹெர்க் அவர்களோடு போய் நின்றார். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு நகர நிர்வாகத்தின் உதவியோடு அந்தக் கட்டடம் எளியவர்களுக்கே நிலைத்தது. இத்தனை கோடி புரளும் இசை பிறந்த கூரையைக் காத்தவர்கள் அந்தக் கூரையின் கீழ் வாடகைக்கு இருந்தவர்கள். இதை மறக்காதீர்கள்.

இனி இன்றைய தலைமுறைக்கு வருவோம். இவர்களைப் பற்றித்தான் அதிகம் புலம்புகிறோம். புலம்பக் காரணமும் உண்டு. முன்பு சங்கிலியை மேடையில் பார்த்தார்கள். இன்று இருபத்துநான்கு மணி நேரமும் போனில் காட்ட வேண்டியிருக்கிறது. காட்டாவிட்டால் மறந்துவிடுவார்கள் என்ற அச்சம். 2020 பிப்ரவரியில் புரூக்ளினின் பாப் ஸ்மோக், 20 வயது, தனக்கு வந்த பரிசுப் பொருள்களை இணையத்தில் காட்டினார். அதில் தங்கியிருந்த வீட்டின் முகவரியும் தெரிந்தது. கொள்ளையடிக்க வந்தவர்கள் அவரைக் கொன்றார்கள். 2022-இல் பி.என்.பி. ராக், உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நகைக்காகச் சுடப்பட்டு இறந்தார். காட்டு, காட்டு என்று தூண்டிய உலகம் சுட்ட பிறகு கண்ணீர் வடித்தது. இளைஞர்களே, இந்த இரண்டு மரணங்களையும் நான் அறிவுரைக்காகச் சொல்லவில்லை. துக்கத்தோடு சொல்கிறேன்.

ஆனால் இதே தலைமுறையில்தான் நிப்ஸி ஹஸ்ஸில் இருந்தார். லாஸ் ஏஞ்சலஸின் கிரென்ஷா பகுதியில் வளர்ந்தவர். 2013-இல் தன் மிக்ஸ்டேப்பின் ஆயிரம் பிரதிகளை ஒவ்வொன்றும் 100 டாலருக்கு விற்றார். எல்லாரும் இலவசமாகக் கொடுக்கும்போது என் உழைப்புக்கு நானே விலை வைக்கிறேன் என்றார். ஜே-ஸீயே 100 பிரதிகள் வாங்கினார். நிப்ஸி பதிவுரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பிறகு என்ன செய்தார்? பணக்காரர்கள் வாழும் மலைச்சரிவுக்குப் போய்விடவில்லை. ஸ்லாசன் அவென்யூவில், முன்பு தன்னைப் போலீஸ் விரட்டிய அதே தெருவில், துணிக்கடை திறந்தார். பின்னர் அந்தக் கடை இருந்த வணிக வளாகத்தையே கூட்டாளியோடு சேர்ந்து வாங்கினார். பகுதி இளைஞர்கள் தொழில் தொடங்கவும் தொழில்நுட்பம் கற்கவும் ஓர் இடம் அமைத்தார். அவர் கழுத்திலும் சங்கிலி கிடந்தது. கையில் சாவியும் இருந்தது. அந்தச் சாவி தெருவுக்குத் திறந்தது. 2019 மார்ச் 31 அன்று அந்தக் கடை வாசலிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரே தெருவில் இறங்கி அழுதது. பணக்காரப் பாடகருக்காக மட்டும் ஒரு தெரு அப்படி அழாது. தன்னோடு நின்றவனுக்காக அழுதது.

காம்ப்டனின் கென்ட்ரிக் லமாரை எண்ணிப் பாருங்கள். புகழும் பணமும் வந்து மயக்கும்போது மனச்சாட்சி என்ன பாடுபடுகிறது என்பதை 2015-இல் ஒரு முழு ஆல்பமாகவே செய்தார். அதிலுள்ள ஒரு பாட்டைப் போலீஸ் வன்முறைக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் முழக்கமாக்கிக்கொண்டார்கள். 2018-இல் அவருக்குப் புலிட்சர் பரிசு வந்தது. ராப் இசைக்கு வந்த முதல் புலிட்சர். சிகாகோவின் சான்ஸ் த ராப்பர் எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் போடாமலேயே கிராமி விருது வாங்கினார். 2017-இல் தன் நகரத்துப் பொதுப்பள்ளிகளுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார். "இன்றைய ராப்பில் கொள்கை இல்லை" என்று சொல்பவர்களே, இவர்கள் எந்தத் தலைமுறை?

நம் மக்களுக்கும் இந்தக் கதையில் உண்மையான ஓர் இடம் உண்டு. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, போரால் அகதியாய் லண்டன் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007-இல் "பேப்பர் பிளேன்ஸ்" பாடினார். குடியேறி வந்தவன் பணத்தைப் பறிக்க வந்தவன் என்று சொல்லும் உலகத்தின் முகத்துக்கு நேரே அந்தப் பாட்டு நின்றது. அடுத்த ஆண்டே ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், லில் வெயின், டி.ஐ. நால்வரும் அவர் குரலை எடுத்து அதன் மேல் தங்கள் பாட்டைக் கட்டினார்கள். சென்னையில் அறிவு என்ற ராப் பாடகர், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளை 2021-இல் பாட்டில் ஏற்றினார். நிலத்தை உழுது தோட்டம் போட்டவர்களுக்கு அந்த நிலத்தில் என்ன பங்கு என்ற கேள்வி அதன் அடியில் இருக்கிறது. பிராங்க்ஸில் எழுந்த அதே கேள்விதான்! யாருக்குச் சொந்தம்?

அன்பர்களே, செல்வத்தை இழிவாகப் பேசும் மரபு நம்முடையது அன்று. வள்ளுவர் 133 அதிகாரங்களில் 70-ஐப் பொருட்பாலுக்குக் கொடுத்தார். ஆனால் அறத்துப்பாலை அதற்கு முன்னே வைத்தார். அந்த வரிசைதான் முக்கியம். ஹிப் ஹாப்பின் ஒவ்வொரு தலைமுறையும் இந்த வரிசையோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறது. முதல் தலைமுறை தெருவுக்குக் கொடுத்தது, தனக்கு எதையும் எழுதி வாங்கவில்லை. இரண்டாம் தலைமுறை மானத்தைப் பாடி, சிலநேரம் தங்கத்தையும் கழற்றியது, ஆனால் பதிவுரிமையை இழந்தது. மூன்றாம் தலைமுறை உரிமையை வென்றது, பலநேரம் தெருவை மறந்தது. நான்காம் தலைமுறையில் சிலர் காட்டிக் காட்டியே அழிகிறார்கள். சிலர் உரிமையையும் தெருவையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். இதில் எந்தத் தலைமுறையும் முழுப் புனிதமில்லை, எந்தத் தலைமுறையும் முழுப் பாவமில்லை. ஒன்றின் தோல்வியைப் பார்த்துத்தான் அடுத்தது பாடம் படித்தது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கேட்கும் பாட்டில் வைரம் மின்னினால் உடனே அணைக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இவர் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தார், இந்தப் பணத்தை வைத்து என்ன செய்தார் என்று பிள்ளையிடம் விசாரியுங்கள். அவனுக்குத் தெரியும், அல்லது தேடிச் சொல்வான். அந்தப் பேச்சில் நீங்களும் கற்பீர்கள், அவனும் யோசிப்பான்.

இளைஞர்களே, நீங்கள் பாட வாருங்கள். நன்றாக உடுத்துங்கள், சம்பாதியுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூலப் பதிவு யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். கூடப் பாடியவனின் பெயர் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். அவனுக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டு உங்கள் பங்கை எண்ணுங்கள். உங்களை வளர்த்த தெருவில் ஒரு கதவையாவது திறந்து வையுங்கள். அதைச் செய்துவிட்டு எத்தனை பவுன் சங்கிலி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். உங்களைப் பார்த்து முகம் சுளிக்க யாருக்கும் உரிமை கிடையாது.